மலிவு யாருக்கு? – கடிதம்

வணக்கம் சார்,

வால்மார்ட் அமெரிக்கச் சிற்றூர்களை அழித்துவிட்டது என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். ஒஹையோவில் படித்த இரண்டு வருடமும் நான் அந்தக் கடையை நம்பித்தான் நாட்களை ஓட்டினேன். அரிசி, முட்டை, குளிருக்குக் கோட்டு எல்லாம் அங்கேதான். கையில் காசில்லாதவர்களுக்கு மலிவு பெரிய விஷயம். அதை எதிர்ப்பது வசதி உள்ளவர்களின் பேச்சாகப் படுகிறது.

நித்யா

அன்புள்ள நித்யா,

உங்கள் கோபம் நியாயமானது. 'அழித்துவிட்டது' என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கக் கூடாது. இல்லாத வீட்டில் மளிகை விலை கொஞ்சம் குறைந்தாலே அது சம்பளம் ஏறின மாதிரிதான். பழைய கடைகளைப் பொற்காலமாக நினைக்கவும் வேண்டாம். மேற்கு வர்ஜீனியா நிலக்கரி ஊர்களில் ஒருகாலத்தில் சுரங்கக் கம்பெனிகளே கடை நடத்தின. தங்கள் கடையில் மட்டும் செல்லுபடியாகும் டோக்கனைக் கூலியாகக் கொடுத்து, கொடுத்த கூலியை அங்கேயே திரும்பப் பிடுங்கிக்கொண்டன.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். நீங்கள் செலவழித்த பணம் அந்த ஊரில் சம்பாதித்தது இல்லை. அதனால் மலிவு முழுக்க உங்களுக்கு லாபம். ஊர்க்காரர்களுக்கு அப்படி இல்லை. அங்கே மலிவாக வாங்குகிற அம்மாவும், மளிகைக்கடை மூடியதால் வேலை போன மகனும் ஒரே வீட்டில் இருக்கலாம்.

பொருளாதார ஆய்வாளர்களும் இதில் ஒத்துப்போவதில்லை. வால்மார்ட் வந்த வருடம் ஒரு கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) சில்லறை வணிக வேலைகள் சுமார் 100 கூடுகின்றன, ஐந்து வருடத்தில் அதில் பாதி கரைந்துவிடுகிறது என்று எமெக் பாஸ்கர் 2005-இல் எழுதினார். டேவிட் நியூமார்க்கும் உடன் ஆய்வாளர்களும் 2008-இல் கண்டது வேறு: வால்மார்ட்டில் ஒருவருக்கு வேலை கிடைத்தால் மற்ற கடைகளில் சுமார் 1.4 பேருக்கு வேலை போகிறது. எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது. உள்ளூர்க் கடை என்றால் அதை நம்பி மொத்த வியாபாரி, கணக்கெழுதுபவர், விளம்பரம் வாங்கும் உள்ளூர்ப் பத்திரிகை என்று ஒரு கூட்டமே பிழைக்கும். பெரிய கம்பெனி அந்த வேலைகளில் பலவற்றை ஆர்கன்சாவில் இருக்கும் தலைமையகத்திலேயே முடித்துக்கொள்கிறது.

மேற்கு வர்ஜீனியாவின் மெக்டவல் கவுண்டியில் 1950-இல் கிட்டத்தட்ட 1 லட்சம் பேர் இருந்தார்கள். சுரங்க வேலை போகப் போக 2020-இல் 19,000 பேர்தான் மிச்சம். அங்கே கிம்பால் என்ற சிறிய ஊரில் 2005-இல் வால்மார்ட் வந்தது. 2016 ஜனவரியில் உலகம் முழுக்க 269 கடைகளை மூடப்போவதாகக் கம்பெனி அறிவித்தபோது கிம்பாலும் அந்தப் பட்டியலில் இருந்தது. சுமார் 140 பேருக்கு வேலை போயிற்று. இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவுப்பொருள் கொடுக்கும் உணவு வங்கிக்கு அந்தக் கடை கொடுத்துவந்த பொருட்களும் நின்றன. பதினோரு வருடம் அந்த ஒரு கடையையே நம்பியிருந்த ஜனங்கள், அது போன பிறகு எந்தக் கடைக்குத் திரும்புவார்கள்?

அப்புறம் டாலர் கடைகள், அதாவது மலிவுச் சாமான் விற்கும் சின்னக் கடைகள். மேற்கு வர்ஜீனியா மலைப்பக்கம் போனபோது அப்படி ஒரு கடைக்குள் நுழைந்தேன். கடை முழுவதற்கும் ஒரே பெண். பில் போடுகிறார், ஆள் இல்லாத நேரம் ஓடிப்போய் அட்டைப்பெட்டியைக் கிழித்துச் சாமான் அடுக்குகிறார், மணி அடித்தால் மறுபடி ஓடிவருகிறார். பால், முட்டை இருந்தன. ஒரு வாழைப்பழம்கூட இல்லை. எனக்கு முன்னால் நின்ற அம்மாள் சலவைத்தூள் பாக்கெட்டில் இருப்பதிலேயே சின்னதை எடுத்திருந்தார். நாணயங்களை மேசையில் பரப்பி, இரண்டு தடவை எண்ணினார். எடைக்கு எடை பார்த்தால் பெரிய டப்பாதான் மலிவு. அதை வாங்க அன்று அவரிடம் காசு போதவில்லை.

அவருக்கு மலிவு வேண்டாம் என்று நான் சொல்வேனா? அந்தக் கட்டுரையை எழுதும்போது அவர் முகம்தான் மனதில் இருந்தது. அவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விட்டது என் தவறு.

அன்புடன்.