கூடலூர்க் குரங்குக் காய்ச்சலும் அட்டன் மாட்டு உண்ணியும்

கேள்வி: லயத்துக்குப் பின்னால் இரண்டு பிரீசியன் கலப்புப் பசுக்கள் வளர்க்கிறேன். காது, மடி எங்கும் உண்ணி. கூடலூர்ச் சொந்தக்காரர்கள், உண்ணியால் குரங்குக் காய்ச்சல் வருகிறது, அந்த வைரஸ் மாறிக்கொண்டே இருக்கிறது என்கிறார்கள். என் மாடுகளுக்கும் வருமா? (அட்டன் வாசகர்)

பதில்: அந்த வைரஸ் உடம்பில் ஏறினாலும் மாடு நோயில் விழுவதில்லை. விழுவது மனிதரும் குரங்குகளும்தான். அந்த வைரஸ் 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர்க் காட்டுப் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டது. 2012இல், கூடலூர் இருக்கும் நீலகிரியில் செத்த குரங்குகளிலும் இருந்தது. உறவினர் பயம் சும்மா இல்லை.

மாறுகிறது என்பதும் உண்மையே, ஆனால் மெதுவாக. அதன் மரபுப்பொருள் ஏறத்தாழ 11,000 எழுத்து நீளமுள்ள ஆர்என்ஏ. நகலெடுக்கும்போது பிழை திருத்த ஆளில்லை. இருந்தாலும் உண்ணி ஒவ்வொரு பருவத்திலும் ஒரு தடவைதான் இரத்தம் குடிக்கும், இடையில் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். அதனால் வைரஸ் பெருகும் வாய்ப்பே குறைவு. வந்த மாற்றமும் உண்ணியிலும் விலங்கிலும் பிழைத்தாக வேண்டும். இந்தக் கவலை ஆய்வுகூடத்துக்கு உரியது: வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் பிசிஆர் பரிசோதனை பார்க்கும் இடத்திலேயே எழுத்து மாறினால், வைரஸ் இருந்தும் 'இல்லை' என்று வந்துவிடும்.

நீங்கள் தடுக்கக்கூடியது உண்ணியின் மரபு மாற்றம், அதாவது மருந்துக்குச் சாகாத உண்ணியாக அது மாறுவது. மாட்டில் அதிகம் காணும் ரைப்பிசெபலஸ் மைக்ரோபிளஸ் என்ற உண்ணி, குஞ்சிலிருந்து முட்டைக்காரி வரை ஒரே மாட்டில் சுமார் மூன்று வாரம் ஒட்டியிருக்கும். கண்மட்டத்தில் மருந்து ஊற்றினால் பலவீனமானவை செத்து, தாங்குபவை மட்டும் முட்டையிடும். சில தலைமுறையில் அந்த மருந்து வேலைக்கு ஆகாது. முதுகில் ஊற்றும் உண்ணி மருந்தான ஃபுளுமெத்ரின் 1% என்றால் 10 கிலோவுக்கு 1 மில்லிலீற்றர், 300 கிலோ பசுவுக்கு 30. திமில் பக்கத்திலிருந்து வாலடி வரை முதுகுத்தண்டு நெடுக ஊற்றுங்கள். மழையிலோ ஈர முதுகிலோ வேண்டாம். மூன்று வாரத்தில் மறுபடி பாருங்கள். பால் நிறுத்தும் நாளை லேபலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் உண்மையில் பயப்பட வேண்டியது பபேசியா, உண்ணி கடித்து மாட்டின் இரத்தத்தில் ஏறும் நுண்ணிய ஒட்டுண்ணி. காய்ச்சல் 40 பாகைக்கு மேல், இமைக்குள் வெளிறல், மூத்திரம் சாயம் கூடின தேத்தண்ணி நிறம் என்றால் அன்றைக்கே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். அதற்கான மருந்தான டைமினசீன் ஊசியை எடைபார்த்து அவரே போட வேண்டும். நாள் தள்ளினால் இரத்தம் வற்றிவிடும்.

உண்ணியை விரலால் நசுக்காதீர்கள். சிறு இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுத்து, ஸ்பிரிட் ஊற்றிய போத்தலில் போடுங்கள். அப்படியே வைத்தியரிடம் கொடுத்தால் இனம் பார்த்துச் சொல்வார்.