டீம் கனடா இருக்கட்டும், முதல்ல ஹவுஸ் லீக்ல விடுங்க

தம்பி, டொராண்டோ வந்து ஒரு வருஷம் ஆச்சு, பையனுக்கு 9 வயசு, ஐஸ் ஹாக்கி பைத்தியமா இருக்கான், டீம் கனடா வரைக்கும் போக என்ன வழி, அதுக்கு எந்த ஏரியால வீடு பாக்கலாம்னு கேட்டிருக்கீங்க. வீட்டு விஷயம் சொல்ல ஆயிரம் பேர் வருவாங்க, நான் ஹாக்கிய மட்டும் சொல்றேன்.

டீம் கனடாவுக்கு அப்ளிகேஷன் எல்லாம் கிடையாது, நாட்டோட ஹாக்கி சங்கமான ஹாக்கி கனடா ஆளுங்களே பாத்து கூப்பிடுவாங்க. உங்க பையன் இப்போ யூ11, அதாவது 11 வயசுக்குக் கீழ உள்ள பிரிவு. அடியில யார் வேணா சேர்ற ஹவுஸ் லீக், அதுக்கு மேல செலக்‌ஷன் வச்சு எடுக்குற ரெப் டீம், அதுலயே ஏ, டபுள் ஏ, ட்ரிபிள் ஏன்னு போகும். ட்ரிபிள் ஏல 15, 16 வயசுல கண்ணுல பட்டா ஓஹெச்எல்னு ஒன்டாரியோ ஜூனியர் லீக் ஆள் எடுக்குற டிராஃப்ட், மாகாண டீம், அப்புறம் அண்டர் 17, அண்டர் 18, கடைசில டிசம்பர் 26 ஆனா நாடே டிவி முன்னாடி உக்காருற வேர்ல்ட் ஜூனியர்ஸ், அதாவது 20 வயசுக்குக் கீழ உள்ளவங்க உலகப் போட்டி. இதுல ஒண்ணு கவனிங்க, நாட்டு டீம்ல ஆட சிட்டிசன்ஷிப் வேணும், பிஆர் (நிரந்தர குடியிருப்பு) போதாது.

இங்க முடியலன்னா இந்தியா டீம்ல ஆட வச்சிடலாம்னு சில பேர் கிளப்பி விடுவாங்க. கனடா பாஸ்போர்ட் வாங்கிட்டா இந்திய குடியுரிமை போயிடும், வெளிநாட்டு இந்தியர் அட்டையான ஓசிஐ வச்சு ஆட முடியாது. அதோட அந்த டீம் பெரும்பாலும் லடாக் பசங்க, உறைஞ்ச குளத்துல ஆடி வளந்தவங்க, அவங்க எடத்தை அவ்வளவு லேசா நினைக்காதீங்க.

நான் உண்மையில சொல்ல வந்தது வேற. புதுசா வந்தவங்கன்னு மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சு, "உங்க பையன்கிட்ட ஏதோ இருக்கு சார்"னு பிரைவேட் கோச்சிங், சம்மர் டீம்னு பணம் கறக்கறவங்க இருக்காங்க. 9 வயசுல ஒண்ணும் தெரியாது. வயசு கணக்கு பிறந்த வருஷத்தை வச்சுதான், அதனால ஜனவரில பிறந்தவன் டிசம்பர்ல பிறந்தவனை விட கிட்டத்தட்ட ஒரு வருஷம் பெரியவன், உயரமா இருப்பான், அவனையே செலக்ட் பண்ணி "டேலண்ட்"னு பேர் வச்சிடுவாங்க. ட்ரிபிள் ஏக்கு ஒரு சீசனுக்கு பத்தாயிரம் டாலர் சர்வசாதாரணமா தாண்டும், அதுக்கு மேல டோர்னமெண்ட் ஹோட்டல், பெட்ரோல். சிட்டி நடத்துற ஸ்கேட்டிங் கிளாஸ்ல மொதல்ல சேருங்க, திரும்பறது, நிறுத்தறது, பின்னால போறது வரணும். கியர் எல்லாம் செகண்ட் ஹேண்ட் போதும், ஆனா ஹெல்மெட் மட்டும் புதுசு, தேதி பாத்து வாங்குங்க.

நம்மாளுங்க பத்தியும் சொல்லிடறேன். பஞ்சாபிக்காரங்க 2008லயே டிவில வர்ற ஹாக்கி நைட் நிகழ்ச்சியை பஞ்சாபி கமென்ட்ரியோட பாக்க ஆரம்பிச்சிட்டாங்க, நாம இன்னும் "பல்லு போயிடாதா, கணக்கு டியூஷன் இல்லையா"ன்னு கேட்டுட்டு இருக்கோம். 2013ல இருந்து யூ13 வரைக்கும் பாடி செக்கிங்கே (உடம்பால இடிச்சு தள்றது) கிடையாது, இதைச் சொன்னாலும் கேக்க மாட்டாங்க.

நாங்க வந்த புதுசுல காலைல ஆறு மணிக்கு அரீனா, வெளியில மைனஸ் இருபது, உள்ள ரப்பர் தரையில மண்டி போட்டு லேஸ் கட்டுவேன், விரல்ல உணர்ச்சியே இருக்காது. பக்கத்துல உக்காந்திருந்த ஒரு தாத்தா குனிஞ்சு, பையன் குதிகாலை தரையில ரெண்டு தட்டு தட்டி பின்னால தள்ளிட்டு, கணுக்கால் கிட்ட இருக்குற லேஸ் ஓட்டைல மட்டும் நல்லா இறுக்கி, முன்னால லூசா விட்டுக் காட்டினாரு. காசு குடுத்த எந்த கோச்சும் அதை சொல்லித் தரல. என் பையன் ரெப் டீம் பக்கமே போகல, இப்பவும் வேலை முடிஞ்சு ராத்திரி பத்து மணிக்கு பீர் லீக்ல, பெரியவங்க சும்மா ஜாலிக்கு ஆடுறதுல, ஆடப் போறான், பையில இருந்து வர்ற நாத்தத்தை மட்டும் என்னால இன்னும் பழக முடியல.

பையன் கோல்கீப்பரா நிக்கறேன்னு சொன்னா மட்டும் எனக்கு தனியா மெசேஜ் போடுங்க, அந்த பேடு விலை பேச்சை பொண்டாட்டி முன்னாடி எடுக்காதீங்க.