பேட்டர்ன் பழகியும் சோலோ வரவில்லையா? ஜாஸ் கேள்வி பதில்

ஜாஸ் சோலோவுக்காக (பாட்டின் நடுவில் ஒருவர் மனோதர்மமாக வாசிப்பது) பேட்டர்ன், அதாவது சின்னச் சின்ன நோட் வரிசைகள், பழகுவது பற்றி உங்கள் சந்தேகங்களைக் கேட்டிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: "வீட்டில் நன்றாக வருகிறது, பாட்டுக்குள் போனால் வரமாட்டேன் என்கிறது." அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

ஆல்டோ சாக்ஸ் வாசிப்பவர்: சார், 1-2-3-5 பேட்டர்னை (ஸ்கேலின் ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்தாவது நோட்) பன்னிரண்டு கீயிலும் தடங்கல் இல்லாமல் வாசிப்பேன். ஆனால் பேக்கிங் டிராக் (துணை வாத்தியங்கள் மட்டும் உள்ள பதிவு) போட்டதும் கை நின்றுவிடுகிறது. அப்படியே வந்தாலும் வெட்டி ஒட்டியது மாதிரி கேட்கிறது.

நீங்கள் பழகியிருப்பது பேட்டர்ன் எங்கே தொடங்குகிறது என்பதை. எங்கே போய் இறங்குகிறது என்பதைப் பழகவில்லை. ஒட்டுப் போட்ட மாதிரி கேட்பதற்குக் காரணம் அதுதான்.

சி மேஜரில் ஒரு டூ-ஃபைவ்-ஒன் எடுத்துக்கொள்வோம், அதாவது ஸ்கேலின் இரண்டாவது, ஐந்தாவது, முதல் நோட்டுகளின் மேல் கட்டிய மூன்று கார்ட். ஒரு பார் (நாலு பீட்) டி மைனர் செவன், ஒரு பார் ஜி செவன், அப்புறம் சி மேஜர் செவன். பீட்டுக்கு ஒரு நோட் போதும். முதல் பாரில் டி, எஃப், ஏ, சி. இரண்டாவது பாரில் பி, ஏ, ஜி, எஃப். மூன்றாவது பாரின் முதல் பீட்டில் இ. அவ்வளவுதான், ஒன்பது நோட்.

இதில் இரண்டு இடங்களைக் காது கொடுத்துக் கேளுங்கள். டி மைனரின் ஏழாவது நோட் சி. அது அரை ஸ்டெப் (பியானோவில் பக்கத்துக் கட்டை) இறங்கி பி ஆகிறது. பி என்பது ஜி செவனின் மூன்றாவது. அதே போல ஜி செவனின் ஏழாவதான எஃப் அரை ஸ்டெப் இறங்கி, சி மேஜரின் மூன்றாவதான இ ஆகிறது. பியானோ, பாஸ் எதுவும் இல்லாமல் தனியாக வாசித்தாலும் கார்ட் மாறுவது தெளிவாகக் கேட்கும். நல்ல சோலோக்காரர்கள் துணையில்லாமல் வாசிக்கும்போதும் நமக்குப் பாட்டு புரிவது இதனால்தான்.

இப்போது இதை வாலிலிருந்து பழகுங்கள். டிராக்கைப் போட்டு, மூன்றாவது பாரின் முதல் பீட்டில் இ மட்டும் வாசியுங்கள். வேறு எதுவும் வேண்டாம். அது சலிக்கும் அளவுக்கு வந்த பிறகு முன்னால் ஒரு எஃப் சேருங்கள். அப்புறம் ஜி, எஃப், இ. இப்படிப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே முதல் டி வரை வாருங்கள். தலையிலிருந்து பழகினால் நடுவில் தடுக்கும்போது எங்கே போவது என்று தெரியாது. வாலிலிருந்து பழகியவருக்கு எந்த இடத்தில் தடுக்கினாலும் மிச்ச வழி தெரியும்.

உங்கள் 1-2-3-5 க்கும் இதே கதைதான். டி மைனரில் டி, இ, எஃப், ஏ என்று ஏறுகிறீர்கள். அந்த ஏ நோட்டுக்கு ஒரு முழு ஸ்டெப் மேலே பி இருக்கிறது, அதாவது வரப்போகும் ஜி செவனின் மூன்றாவது. ஜி செவனில் ஜி, ஏ, பி, டி என்று ஏறினால், ஒரு முழு ஸ்டெப் மேலே இ. ஆக, பேட்டர்னை அதன் கடைசி நோட்டான '5' இல் முடித்துவிட்டு மூச்சு வாங்காதீர்கள். அடுத்த நோட்டையும் சேர்த்து ஐந்து நோட்டாகப் பழகுங்கள். அந்த ஐந்தாவது நோட்தான் முக்கியம்.

கிட்டார் வாசிப்பவர்: அண்ணா, கிட்டாரில் பன்னிரண்டு கீ என்பது பெரிய விஷயமே இல்லை. அதே ஷேப்பை நகர்த்தினால் போதும். எனக்கு இந்தப் பயிற்சி எதற்கு?

அதே காரணத்தால்தான் கிட்டார்காரர்கள் இதில் ஏமாந்துபோகிறார்கள். சாக்ஸிலும் பியானோவிலும் கீ மாறினால் விரல் மாறும், அதனால் காதும் மூளையும் விழித்துக்கொள்ளும். உங்களுக்கு விரல் அப்படியே இருக்கிறது, ஃப்ரெட் எண் மட்டும் மாறுகிறது. கையை ஒரே இடத்தில் வையுங்கள், ஐந்தாவது ஃப்ரெட் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து நகராமல் சி, எஃப், பி ஃபிளாட், இ ஃபிளாட், ஏ ஃபிளாட் என்று நாலாவது நாலாவதாகப் போய், பன்னிரண்டு கீயிலும் அந்த ஒன்பது நோட்டை வாசியுங்கள். முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

கேள்வி: பேட்டர்ன் பழகினால் எல்லாரும் ஒரே மாதிரிதானே வாசிப்பார்கள்? ஆல்டோ சாக்ஸ் மேதை சார்லி பார்க்கர் இப்படிப் பட்டியல் போட்டா வாசித்தார்?

பட்டியல் அவர் போடவில்லை, மற்றவர்கள் போட்டார்கள். தாமஸ் ஓவன்ஸ் என்ற ஆய்வாளர் 1974ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலீஸ் வளாகத்தில் செய்த முனைவர் பட்ட ஆய்வு முழுக்க பார்க்கரைப் பற்றியது. பார்க்கரின் சோலோக்களைக் குவியலாக எழுதிவைத்துப் பார்த்தால், சுமார் நூறு சின்னச் சின்ன சொற்றொடர்கள் திரும்பத் திரும்ப வருவதை அதில் காட்டியிருக்கிறார். சிலது இரண்டு மூன்று நோட்தான். உலகமே வியந்த ஆளின் கைச்சரக்கு நூறு துண்டு!

ஆனால் ஒரே துண்டு அவரிடம் இரண்டு தடவை ஒரே மாதிரி கேட்காது. ஒரு தடவை முதல் பீட்டில் தொடங்கும், அடுத்த தடவை இரண்டாவது பீட்டுக்குப் பிந்தின பாதியில். ஒரு தடவை நடுவில் நிறுத்துவார், இன்னொரு தடவை அதன் வாலில் வேறொன்றைக் கோப்பார்.

பேட்டர்ன் பிடிக்காதவர்களுக்கு எதிர்த்திசையிலும் ஒரு வழி உண்டு. டெனர் சாக்ஸ்காரர் சானி ராலின்ஸ் 1956ல் பதிவு செய்த 'ப்ளூ செவன்' கேளுங்கள். சின்னதாக ஒரு கருவை எடுத்து, அதையே நீட்டி, குறுக்கி, கவிழ்த்து முழு சோலோவையும் கட்டியிருப்பார். குந்தர் ஷூலர் 1958ல் அதைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. என்னைக் கேட்டால் முதலில் பார்க்கர் வழி, அப்புறம் ராலின்ஸ் வழி. கையில் சொல்லே இல்லாதவர் எதை வைத்து வளர்ப்பார்?

டெனர் சாக்ஸ் வாசிப்பவர்: சாக்ஸ் மேதை ஜான் கோல்ட்ரேனின் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' வாசிக்க ஆசை. கோல்ட்ரேனே அதில் பேட்டர்ன்தான் வாசித்தார் என்கிறார்களே?

பெருமளவு உண்மை. 1959ல் பதிவானது அது. பி, ஜி, இ ஃபிளாட் என்று மேஜர் தேர்ட் (நாலு அரை ஸ்டெப்) இடைவெளியில் மூன்று கீ, அதுவும் அந்த வேகத்தில், இரண்டு பீட்டுக்கு ஒரு கார்ட். அவ்வளவு குறுகின இடத்தில் மெட்டு யோசிக்க நேரம் ஏது? அதனால் 1-2-3-5 அங்கே விடாமல் வருகிறது. நான்கே நோட்டில் கார்ட் இன்னதென்று சொல்லிவிடலாம் அல்லவா. அந்தப் பதிவில் பியானோ வாசித்த டாமி ஃப்ளானகன் சாதாரண ஆள் இல்லை. அவருடைய சோலோவே கொஞ்ச நேரத்தில் தயங்கித் தயங்கி வெறும் கார்டாகப் போவதைக் கேட்கலாம். கோல்ட்ரேன் வீட்டில் பழகிவிட்டு வந்திருந்தார், இவருக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. 1982ல் ஃப்ளானகன் தன் ட்ரியோவோடு அதே பாட்டைத் திரும்பப் பதிவு செய்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் வாசிக்கலாம், தப்பில்லை. மெட்ரோநோமை நூறில் வைத்து, முதலில் ஒவ்வொரு கார்டின் மூன்றாவது நோட்டை மட்டும்.

கர்நாடக வயலின் கற்றவர்: எனக்குப் பேட்டர்ன் புதிதில்லை. சரளி, ஜண்டை, தாட்டு வரிசை எல்லாம் மூன்று காலத்தில் வாசித்தவள். இருந்தும் ஜாஸில் ஏன் அந்நியமாக இருக்கிறது?

விரலுக்குப் பழக்கமான வேலைதான் உங்களுக்கு. புதிதாக இருப்பது கீழே இருக்கும் தரை நகர்வது. நம் பாட்டில் சுருதி அசையாது. இங்கே பாருக்குப் பார் ஆதாரம் மாறுகிறது.

உங்களுக்குக் கிரக பேதம் தெரிந்திருக்கும், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். சங்கராபரணத்தின் ரிஷபத்தை ஆதாரமாக்கினால் கரகரப்பிரியா, பஞ்சமத்தை ஆதாரமாக்கினால் ஹரிகாம்போதி. சி மேஜரில் வரும் டூ-ஃபைவ்-ஒன் இதேதான்: டி மைனருக்குக் கரகரப்பிரியா, ஜி செவனுக்கு ஹரிகாம்போதி, சி மேஜருக்கு சங்கராபரணம். ஏழு ஸ்வரமும் மாறவில்லை, ஷட்ஜம்தான் இடம் மாறுகிறது. சி சுருதியை விட்டுவிட்டு, பாஸ் நோட் மட்டும் டி, ஜி, சி என்று மாறுகிற டிராக் ஒன்றைப் போட்டு, அதன் மேல் உங்கள் தாட்டு வரிசையை வாசியுங்கள். ஒரே ஸ்வரம் பாருக்குப் பார் வேறு நிறம் காட்டும்.

அப்புறம் கமகம். எல்லா நோட்டையும் அசைக்க வேண்டும் என்ற பழக்கத்தைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள், தொலைத்துவிட வேண்டாம். கத்ரி கோபால்நாத்தும் ருத்ரேஷ் மஹந்தப்பாவும் சேர்ந்து 2008ல் 'கின்ஸ்மென்' என்ற ஆல்பம் செய்தார்கள். இரண்டு பேரும் ஆல்டோ சாக்ஸ், ஒருவர் கர்நாடக சங்கீதத்திலிருந்து, மற்றவர் ஜாஸிலிருந்து. கருவி ஒன்றாக இருப்பதால் நோட்டைத் தொடும் விதத்தில் உள்ள வித்தியாசம் அப்பட்டமாகக் கேட்கும்.

கீபோர்ட் வாசிப்பவர்: ஜி செவன் மேல் ஸ்கேலை மேலிருந்து இறக்கினால் ஏதோ நழுவிப்போகிற மாதிரி இருக்கிறது. நோட் எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது?

நோட் சரி, விழுகிற இடம்தான் தப்பு. ஜி, எஃப், இ, டி, சி, பி, ஏ என்று எய்த் நோட்டில் (பீட்டுக்கு இரண்டு நோட்) இறங்கினால் பீட்டில் விழுவது ஜி, இ, சி, ஏ. ஜி தவிர மற்ற மூன்றும் கார்டில் இல்லை. ஜி நோட்டுக்கும் எஃப் நோட்டுக்கும் நடுவில் ஒரு எஃப் ஷார்ப் செருகுங்கள். இப்போது பீட்டில் விழுவது ஜி, எஃப், டி, பி, அதாவது முழு ஜி செவன். இந்த எட்டு நோட் ஸ்கேலுக்கு பீபாப் (பார்க்கர் காலத்து வேகமான ஜாஸ் பாணி) ஸ்கேல் என்ற பெயரைப் பரப்பியவர் ஜாஸ் ஆசிரியர் டேவிட் பேக்கர். டெட்ராய்ட்டில் பிறந்து, 2021ல் மறையும்வரை சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்த பியானோக்காரர் பேரி ஹாரிஸ், எந்த நோட்டிலிருந்து இறங்கினால் எத்தனை அரை ஸ்டெப் சேர்க்க வேண்டும் என்று கணக்காகவே வகுத்து வைத்திருந்தார். அவருடைய வகுப்பு வீடியோக்கள் இணையத்தில் கிடைக்கின்றன. மற்ற வேலையை விட்டுவிட்டுப் பாருங்கள்.

கேள்வி: எந்தப் புத்தகம் வாங்கலாம்?

ஜெர்ரி கோக்கரும் சகாக்களும் எழுதி 1970ல் வந்த 'பேட்டர்ன்ஸ் ஃபார் ஜாஸ்' போதும். அதிலும் முதல் கால்வாசி. கோல்ட்ரேன் பழகினார் என்பதற்காக எல்லாரும் நிகோலஸ் ஸ்லோனிம்ஸ்கியின் 1947 தொகுப்பை வாங்குகிறார்கள். அது பேட்டர்ன் கடல், முதல் புத்தகமாக வேண்டாம். நாலு நோட்டை மாற்றி மாற்றி அடுக்கினாலே 24 வரிசை வரும், பன்னிரண்டு கீயில் 288. புத்தகத்தில் பேட்டர்னுக்குப் பஞ்சமே இருக்காது, உங்களிடம்தான் நேரம் இருக்காது.

கேள்வி: வேலைக்குப் போகிறேன், தினம் அரைமணி நேரம்தான் கிடைக்கும். எத்தனை பேட்டர்ன் எடுத்துக்கொள்ளலாம்?

ஒன்று. ஒரு பாட்டு, ஒரு பேட்டர்ன், இரண்டு வாரம். பத்து நிமிடம் கீ மாற்றுங்கள், மிச்ச இருபது நிமிடமும் பாட்டுக்குள். அதிலும் ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு தடவைதான் பேட்டர்னைப் போட வேண்டும், மற்ற இடத்தில் மூல மெட்டையே வாசியுங்கள். மெட்ரோநோமை இரண்டாவது, நாலாவது பீட்டில் கேட்கிற மாதிரி வையுங்கள்.

பாடகி: நான் பாடுகிறேன். இந்த விரல் சமாசாரம் எனக்குப் பொருந்துமா?

உங்களுக்குத்தான் நன்றாகப் பொருந்தும், விரல் உங்களை ஏமாற்றாது. பியானோக்காரர் லென்னி ட்ரிஸ்டானோ தன் மாணவர்களைக் கருவியைத் தொடும் முன் சாக்ஸ்காரர் லெஸ்டர் யங்கின் சோலோக்களைப் பதிவோடு சேர்ந்து பாட வைத்தார். ட்ரிஸ்டானோவிடம் படித்த ஆல்டோ சாக்ஸ்காரர் லீ கோனிட்ஸ் கடைசிவரை மெட்டிலிருந்து தொடங்கி, படிப்படியாக அதை அலங்கரித்து விலகும் முறையையே சொல்லிக்கொடுத்தார். வாத்தியக்காரர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: வாயால் பாட வராத பேட்டர்னை மேடைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

பாஸ் கிட்டார் வாசிப்பவர்: ஒரே பேட்டர்ன் பழகிப் பழகி அலுத்துவிட்டது. நோட்டை மாற்றாமல் புதிதாக்க வழி உண்டா?

தாளத்தை மாற்றுங்கள். மூன்று நோட் பேட்டர்ன் ஒன்றை எய்த் நோட்டில், நாலு பீட் பாரில் விடாமல் வாசியுங்கள். அழுத்தம் ஒவ்வொரு தடவையும் நகர்ந்து, மூன்று பார் முடிந்ததும் சரியாக முதல் பீட்டுக்கு வந்து சேரும். 24 நோட், எட்டுத் தடவை. மிருதங்கக் கோர்வை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. அப்புறம் அதையே முதல் பீட்டை விட்டு அரை பீட் தள்ளித் தொடங்குங்கள்.

டிரம்ஸ் வாசிப்பவர்: எனக்கு இதில் ஏதாவது உண்டா?

உண்டு. முப்பத்திரண்டு பார் பாட்டு ஒன்றின் மெட்டை மனசுக்குள் பாடிக்கொண்டே, அதன் தாள வடிவத்தை மட்டும் ஸ்னேரில் வாசியுங்கள். அப்புறம் மேலே ஆல்டோக்காரருக்குச் சொன்ன அந்த ஒன்பது நோட்டை டாம்களுக்குப் பங்கு போட்டு, அந்த இ வரும் முதல் பீட்டில் கிராஷ். டிரம்மர் மேக்ஸ் ரோச்சின் சோலோக்களைக் கேட்டால் பாட்டின் எந்த பாரில் இருக்கிறார் என்று விரல்விட்டு எண்ணலாம். முதலில் எண்ணிப் பாருங்கள், பிறகு குச்சியை எடுங்கள்.