பெர்செப்ஷன்: கையில ஆரம்பிச்ச வார்த்தை

கேள்வி: எங்க ஆபீஸ்ல எதையாவது தப்புன்னு எடுத்துச் சொன்னா உடனே "அது உங்க பெர்செப்ஷன் மேடம்"னு சொல்லி வாயை அடைச்சிடுறாங்க. இந்த வார்த்தைக்கு நிஜமாவே என்ன அர்த்தம், எங்கிருந்து வந்துச்சு?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அவங்க அதை "உங்க சொந்த அபிப்ராயம்"ங்கிற அர்த்தத்துல சொல்றாங்க. ஆனா அந்த வார்த்தை பொறந்த இடத்துல அபிப்ராயத்துக்கு வேலையே இல்லைங்க. லத்தீன்ல 'கப்பெரே'ன்னா பிடிக்கிறது, எடுத்துக்கிறது. முன்னாடி 'பெர்' சேர்ந்தா முழுசா, நல்லான்னு அர்த்தம். ரெண்டும் சேர்ந்து 'பெர்சிப்பெரே', அதாவது முழுசா கைக்குள்ள கொண்டுவர்றது. ரிசீவ், கான்செப்ட், அக்செப்ட், ரெசிபி, ஏன் கிரிக்கெட்ல கத்துறோமே கேட்ச், எல்லாமே இந்த கப்பெரே வீட்டுப் பிள்ளைங்கதான்.

ரோமானியர்கள் 'பெர்செப்டியோ'ன்னு சொன்னா அதுல விளைச்சலை அறுத்து வீட்டுக்குக் கொண்டு வர்றதும் அடங்கும். அவங்க சட்டத்துலயே, அடுத்தவன் நிலத்துல விளைஞ்சதை யார் எடுத்துக்கலாம்ங்கிற வழக்குல இந்தச் சொல் வரும். பிரெஞ்சுல இன்னைக்கும் பெர்செப்சியோன்னா வரி வசூல்ங்கிற அர்த்தமும் உண்டு, வரி வசூலிக்கிற அதிகாரிக்குப் பேரு பெர்செப்தர்! நெல்லு, வரின்னு கைக்கு வந்து சேர்ற சமாச்சாரம்தான் மெதுவா மனசுக்கு வந்து சேர்றதுக்கும் பேராகி, பழைய பிரெஞ்சு வழியா 14ஆம் நூற்றாண்டு வாக்குல இங்கிலீஷுக்குப் போச்சு.

கைக்கும் அறிவுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. ரோமானியப் பேச்சாளர், எழுத்தாளர் சிசரோ கி.மு. 45ல எழுதினதுல அருமையான ஒரு காட்சி இருக்கு. பழைய கிரேக்கத்துல ஸ்டோயிக்ங்கிற தத்துவப் பள்ளியை ஆரம்பிச்ச ஜீனோ பாடம் நடத்துறப்ப விரல் எல்லாம் நீட்டி உள்ளங்கையை விரிச்சுக் காட்டி, ஒரு பொருள் நமக்குத் தோணுதுன்னா அது இதும்பாராம். விரலை லேசா மடக்கி, அதை நாம ஒத்துக்கிறது இதும்பாராம். அப்புறம் இறுக்கி மூடி, இதுதான் பிடிபட்டதுன்னு காட்டுவாராம், கடைசியா இடது கையால அந்த மூடின கையை அழுத்திப் பிடிச்சு, இதுதான் ஞானம், இது ஞானிக்குத்தான்னு முடிப்பாராம். மூடின கைக்கு கிரேக்கத்துல இருந்த சொல்லை லத்தீன்ல கொண்டு வர சிசரோ கொடுத்த வார்த்தைகள்ல ஒண்ணு பெர்செப்டியோ. உங்க ஆபீஸ்காரங்க சொல்றது முதல் நிலை, வெறும் விரிச்ச கை, அதுக்கு இந்தப் பேரை வைக்கிறது எனக்குச் சம்மதமே இல்ல. நாமளும் "கணக்கு எனக்குப் பிடிபடவே இல்ல"ன்னுதானே சொல்றோம், கிரகிக்கிறதுங்கிற சொல்லுக்கும் சமஸ்கிருத வேர்ல பிடிக்கிறதுன்னுதான் பொருள்.

அப்போ கண்ணைத் திறந்தாலே உலகம் பிடிபட்டுடுமா? 1688ல டப்ளின்காரர் வில்லியம் மாலினோ தத்துவஞானி ஜான் லாக்குக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்பினாரு, மாலினோவோட மனைவிக்கே பார்வை போயிருந்தது. பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருத்தர் கையால தடவியே உருண்டை எது கனசதுரம் எதுன்னு சொல்லப் பழகியிருக்காரு, திடீர்னு அவருக்குப் பார்வை வந்தா தொடாம பார்த்து மட்டும் சொல்லிடுவாரா? முடியாதுன்னு ரெண்டு பேருமே நம்புனாங்க. லாக் மனுஷ அறிவைப் பத்தி எழுதின தன் புத்தகத்தோட ரெண்டாம் பதிப்புல, 1694ல, பெர்செப்ஷன் பத்தின அத்தியாயத்துலயே இதைச் சேர்த்தாரு.

முன்னூறு வருஷம் சண்டை போட்ட கேள்விக்கு நம்ம நாட்டுக் குழந்தைங்க மூலமா ஒரு பதில் கிடைச்சுது. அமெரிக்காவுல இருக்கிற எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் பவன் சின்ஹா குழு, பிறவியிலேயே பார்வை இல்லாம இருந்து ஆபரேஷன் ஆன 5 பேரை, 8 முதல் 17 வயசு வரைக்கும், சோதிச்சு 2011ல வெளியிட்டாங்க. கண்ணால பார்த்த கட்டையைக் கண்ணால அடையாளம் கண்டுபிடிச்சிட்டாங்க, கையால தொட்டதைக் கையாலயும் கண்டுபிடிச்சிட்டாங்க. ஆனா தொட்ட கட்டை எதுன்னு கண்ணால மட்டும் பார்த்துச் சொல்லச் சொன்னப்ப பூவா தலையா போட்ட மாதிரிதான் பதில் வந்துச்சு. அவங்கள்ல சிலரைப் பிறகு மறுபடி டெஸ்ட் பண்ணுனாங்க, தனியா பயிற்சி எதுவும் கொடுக்காமயே நல்லா தேறியிருந்தாங்க! வெளிச்சம் கண்ணுல விழுறது ஒண்ணு, அதை மனசு இன்னதுன்னு பிடிக்கிறது வேற, அந்தப் பிடிக்கிற வேலைக்குப் பேருதான் பெர்செப்ஷன்.

கேள்வி: இதுக்குத் தமிழ்ல என்ன சொல்றது?
– வாசகர், காரைக்குடி

பதில்: உளவியல்னா புலனுணர்வு, புலக்காட்சி ரெண்டும் புழக்கத்துல இருக்கு. சைவ சித்தாந்தத்துல காட்சி அளவைன்னு அழகா ஒண்ணு உண்டு, புலன் வழியா நேரா அறியறது, யூகிச்சு அறியற கருதல் அளவைல இருந்து அதைத் தனியா பிரிச்சு வெச்சிருக்காங்க. மேல கேட்ட திண்டுக்கல் வாசகியோட ஆபீஸ் பேச்சுக்கு இதெல்லாம் வேண்டாம், அங்க 'உங்க எண்ணம்'னு சொன்னாலே சரியா இருக்கும்.