ஆட்டோமேட்டிக்கை எடுத்து மேனுவல் கியர்பாக்ஸ் போட்ட பழைய பிக்கப்பில் தொந்தரவு: மறுபடி இறக்கத்தான் வேண்டுமா?

ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று கத்துகிறது, சில நேரம் செல்ஃப் எடுப்பதில்லை, 60 கிலோமீட்டருக்கு மேல் வண்டி நடுங்குகிறது, அதனால் வாங்கிப் போட்ட கியர்பாக்ஸே கெட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போதைக்கு அதை இறக்காதீர்கள். இந்த மூன்றுக்கும் காரணம் பெரும்பாலும் பெட்டிக்கு வெளியேதான் இருக்கும், வண்டியில் இருக்கும்போதே சோதித்துவிடலாம்.

முதலில் ரிவர்ஸ். பல பழைய கியர்பாக்ஸ்களில் ரிவர்ஸுக்கு சின்க்ரோ (கியர் விழும்முன் பற்களின் வேகத்தைச் சமன்செய்யும் அமைப்பு) கிடையாது. கிளட்சை முழுசாக மிதித்து, ஐந்து வரை எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள், சத்தம் வரவில்லை என்றால் இதுவரை உள்ளே சுற்றிக்கொண்டிருந்த ஷாஃப்ட் நிற்பதற்குள் நீங்கள் அவசரப்பட்டுப் போட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். அப்படியும் கத்துகிறது, ஆனால் இன்ஜினை நிறுத்தினால் எல்லா கியரும் சுலபமாக விழுகிறது என்றால் கிளட்ச் முழுசாக விடவில்லை. இதை உறுதிப்படுத்த இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரில் போட்டு ஒருவரை கிளட்ச் மிதிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கீழிருந்து ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் நீளக் குழாய்) கையால் திருப்புங்கள் (சக்கரத்தைத் திருப்பிப் பார்க்காதீர்கள், இரண்டு பின் சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல் ஏமாற்றிவிடும்). லேசாகச் சுற்றினால் கிளட்ச் சரி. இறுக்கமாக இருந்தால் கிளட்ச் ஆயில் லைனில் ஏர் இருக்கிறதா, கியர்பாக்ஸ் பக்கம் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் ராட் தேவையான தூரம் நகர்கிறதா என்று பாருங்கள். அதோடு, பெடலை மிதிக்கும்போது பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர் பொருத்திய தகடு உள்வாங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஆட்டோமேட்டிக் வண்டியில் அந்த இடத்துக்கு இவ்வளவு அழுத்தம் வந்ததே இல்லை, வலுவூட்டாமல் துளை போட்டிருந்தால் பாதி மிதி அங்கேயே போய்விடும். ராட் முழுத் தூரம் நகர்ந்தும் கிளட்ச் விடவில்லை என்றால்தான் இறக்க வேண்டும். அப்போது பைலட் பேரிங்கை, அதாவது கியர்பாக்ஸ் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் சின்ன பேரிங்கை, தேடுங்கள். ஆட்டோமேட்டிக்கோடு வந்த இன்ஜினில் கிராங்க் (இன்ஜினின் முக்கிய சுழலும் ஷாஃப்ட்) முனையில் அது இருக்காது, தனியாகப் போட வேண்டும். அது இறுகிப்போனால் கிளட்ச் மிதித்தாலும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் கிராங்கோடு சேர்ந்து சுற்றும். கிளட்ச் டிஸ்க் திருப்பிப் போடப்பட்டிருந்தாலும் இதே தொல்லைதான்.

அடுத்து செல்ஃப். ஆட்டோமேட்டிக்கில் பார்க், நியூட்ரல் இரண்டில் மட்டுமே செல்ஃப் எடுக்கவிடும் ஒரு ஸ்விட்ச் உண்டு. மாற்றும்போது அந்த இரண்டு வயரையும் முறுக்கி டேப் சுற்றிவிடுவார்கள், அது லூஸானால் சில நேரம் மட்டும் சத்தமே வராது. அந்த வயர்களைக் கிளட்ச் பெடல் ஸ்விட்சில் இணைத்துவிடுங்கள், நேரடியாக முறுக்கிவிட்டால் கியரில் இருக்கும்போதே சாவி திருப்பினாலும் வண்டி பாயும், பக்கத்தில் குழந்தை நின்றால் என்ன ஆகும்! சத்தம் வந்தும் மெதுவாகச் சுற்றுகிறது என்றால் எர்த் வயரைப் பாருங்கள், பெல் ஹவுசிங் (கிளட்சை மூடியிருக்கும் கூடு) போல்ட்டில் மாட்டியிருந்ததைத் திரும்ப மாட்ட மறப்பது சகஜம். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடிக்கும்போது 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

நடுக்கத்துக்கு, ஆள் இல்லாத நேரான சாலையில் நடுங்கும் வேகத்துக்குப் போய் கிளட்சை மிதித்து, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, இன்ஜினை ஐடிலுக்கு விடுங்கள். நடுக்கம் அப்படியே இருந்தால் ஷாஃப்ட் அல்லது சக்கரப் பக்கம். போய்விட்டால் இன்ஜின் பக்கம், அதாவது கிராங்க் முனையில் கிளட்ச் உட்காரும் கனமான சக்கரமான ஃப்ளைவீல். சில இன்ஜின்களில் பேலன்ஸ் எடையே ஃப்ளைவீலில்தான் இருக்கும், ஃபோர்டு 302 V8 இன்ஜினை எடுத்துக்கொண்டால் பழையதற்கு 28 அவுன்ஸ்-இன்ச், பிந்தையதற்கு 50 அவுன்ஸ்-இன்ச், மாற்றிப் போட்டால் நடுங்காமல் என்ன செய்யும்? ஷாஃப்ட் பக்கம் என்றால் புது கியர்பாக்ஸின் நீளம் பழையதோடு ஒத்துப்போகிறதா என்று அளக்க வேண்டும். ஸ்லிப் யோக் (ஷாஃப்டின் முன் முனையில் கியர்பாக்ஸுக்குள் நகரும் பாகம்) முழுசாக உள்ளே தள்ளப்பட்ட நிலையிலிருந்து 20 முதல் 25 மில்லிமீட்டர் வெளியே இருக்கட்டும். கியர்பாக்ஸின் அவுட்புட் சாய்வும் பின் ஆக்ஸிலில் ஷாஃப்ட் சேரும் பினியனின் சாய்வும் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும், ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கியர்பாக்ஸ் மவுன்ட்டுக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்துச் சரிசெய்யுங்கள்.