மட்டக்களப்பு வெக்கையில் சொக்லேட் பூசிய ஓட்ஸ் பிஸ்கட்: சீனி, பட்டர் குறைத்து மொறுமொறுப்பாகச் செய்வது எப்படி?

சீனியைக் குறைக்கலாம், ஒரேயடியாக நிறுத்தக்கூடாது. மொறுமொறுப்பில் பாதி வேலை அதனுடையது. 16 பிஸ்கட்டுக்கு ஓட்ஸ் 100 கிராம், ஆட்டா மா 100, பட்டர் 75, சிவப்புச் சீனி 50, கித்துள் பாணி ஒரு மேசைக்கரண்டி, அப்பச்சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை போதும். ஓட்ஸில் பாதியை மிக்சியில் அடித்துச் சேருங்கள். முழுதாகவே போட்டால் பிஸ்கட் உதிரும். மா உருளாவிட்டால் பால் ஒரு கரண்டி.

அரை சென்டிமீற்றர் கனத்தில் தட்டி, அவனில் 180 பாகை செல்சியஸில் 12 முதல் 15 நிமிடம் சுடுங்கள். விளிம்பு சிவந்ததும் எடுங்கள். நடு மெத்தென்றுதான் இருக்கும், ஆறும்போது இறுகும். கருகுவது பெரும்பாலும் "இன்னும் வேகவில்லை" என்று திரும்ப உள்ளே வைப்பதால்தான்.

சொக்லேட்தான் இங்கே சிக்கல். பிஸ்கட் முற்றாக ஆறவேண்டும். டார்க் சொக்லேட் 80 கிராமில் முக்கால்வாசியை வெந்நீர்ச் சட்டிமேல் உருக்குங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் கட்டிபட்டுவிடும். இறக்கி, மீதியைப் போட்டுக் கரையும்வரை கிளறுங்கள். 31, 32 பாகைக்கு இறங்கியதும் ஒரு பக்கம் மட்டும் மெல்லியதாகப் பூசுங்கள். பகலில் நம் வீடுகளே 30 பாகையைத் தாண்டுவதால் வெளியில் இறுகாது. இரவில் செய்வது நல்லது, இல்லையேல் பிரிட்ஜில் 10 நிமிடம். வெளியே எடுக்குமுன் டப்பாவில் மூடி, குளிர் போனபிறகே திறவுங்கள். உடனே திறந்தால் ஈரம் படிந்து சொக்லேட் வெளிறும், பிஸ்கட்டும் நமத்துவிடும்.