ஆசிரியர் பயிற்சி மனதை மாற்றுமா? – கேள்வி பதில்

மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் இருபது வருடம் கணிதம் கற்பித்தவள் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: பிளஸ் டூ முடித்ததும் வீட்டில் ஆசிரியர் பயிற்சியில் சேர்த்துவிட்டார்கள். எனக்குப் பொறுமையே கிடையாது மேடம். இரண்டு வருடத்தில் மாறுவேனா?

பதில்: மாறுவாய்ம்மா. ஆனால் உளவியல் பாடம் கேட்டு இல்லை, பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்குப் போகும்போதுதான். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் 42-இல் 17-ஐக் கழித்து 35 என்று எழுதியிருந்தான். என் மாணவி தப்பு போடப் போனாள். "எப்படிப் போட்டான்னு முதல்ல கேளு" என்றேன். "பெருசுல இருந்துதானே டீச்சர் சின்னதைக் கழிக்கணும்? ஏழுல ரெண்டு போனா அஞ்சு" என்றான். அந்த விதியை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நாம்தான்! அவள் பேனாவை மூடிவிட்டு அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பத்துப் பத்தாகக் கட்டிய நாலு கட்டுக் குச்சியில் ஒன்றைப் பிரித்துக் காட்டினாள். "இவனுக்கு மண்டையில ஏறாது" என்று அதன்பிறகு அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

கேள்வி: பயிற்சியில் அன்பு, அரவணைப்பு என்கிறார்கள். வேலைக்கு வந்ததும் பலர் அதட்டத்தானே செய்கிறார்கள்?

பதில்: உண்மைதான். பயிற்சி இரண்டு வருடம். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் பெஞ்சில் உட்கார்ந்து தன் ஆசிரியர்களைப் பார்த்ததும் பயிற்சிதானே? கல்வி உரிமைச் சட்டம் 2009, 17-ஆம் பிரிவு அடிப்பதைத் தடை செய்கிறது என்று தேர்வில் பிசகாமல் எழுதுவார்கள். வகுப்பில் சத்தம் கூடினால் கை தானாக ஸ்கேலைத் தேடும். அதனால் முதல் வாரமே, "உங்களை அவமானப்படுத்திய ஆசிரியரைப் பற்றி எழுதுங்கள்" என்பேன். அழுதுகொண்டே எழுதியவர்கள் உண்டு. பிறகு அதைப் பற்றி உட்கார்ந்து பேசுவோம்.

கேள்வி: பயிற்சிப் பதிவேடான ரெக்கார்டு எழுதியே கை ஓய்கிறது. பயன் உண்டா?

பதில்: சீனியர் நோட்டைப் பார்த்து எழுதினால் இல்லை. இன்று எந்தப் பிள்ளைக்குப் புரியவில்லை, ஏன் என்று தினமும் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: செயல்வழிக் கற்றல், எண்ணும் எழுத்தும் என்று திட்டம் மாறிக்கொண்டே இருந்தால் ஆசிரியருக்குச் சலிப்பு வராதா?

பதில்: வரும். பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியது. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் 2022-இல் வந்தது. கற்றல் அட்டையை ஆசிரியர் கையில் கொடுத்து அனுப்பிவிட்டால் எந்தத் திட்டமும் ஒப்புக்குத்தான் நடக்கும். பயிற்சியிலேயே தரையில் உட்கார்ந்து, அதே அட்டையை ஒரு குழந்தையாகச் செய்து பார்த்தவர்கள் அப்படிச் சலித்துக்கொண்டு நான் அதிகம் பார்த்ததில்லை.